வளைவில் மரத்தூள்

குப்பை லாரிகள் விடிவதற்கு முன்பே மேட்டுக்குப் போய்விடும். கடைசி லாரியின் சத்தம் அடங்கியதும் அவள் சாக்கை இழுத்துக்கொண்டு வளைவுக்கு வருவாள். ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் சாலை சட்டென்று இடது பக்கம் திரும்பி, நகரத்தின் குப்பையெல்லாம் கொட்டும் மேட்டை நோக்கி ஏறுகிறது. திரும்பும்போது லாரிகள் சாயும். பின்கதவின் இடுக்கு வழியாகக் குப்பைத் தண்ணீர் கொட்டும். கடுங்காப்பி நிறம், தொட்டால் எண்ணெய் மாதிரி வழுவழுப்பு. தெருவில் அதற்குக் 'கஷாயம்' என்று பெயர்.

சாக்கில் இருப்பது மரத்தூள். ஒரு தகர டப்பாவால் அள்ளி, சாலையின் வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தூவிக்கொண்டே வருவாள். பைக்குகள் வெளி ஓரமாகத்தான் திரும்பும். தூள் முதலில் மிதக்கும், பிறகு கறுத்து உட்காரும். அதன்மேல் இன்னொரு கை தூவினால் கால் நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கிளம்புவதற்குள் முடித்துவிட்டுத் தச்சுப்பட்டறைக்குப் போவாள். அங்கே கதவுகளுக்கும் கட்டில் கால்களுக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவள் வேலை.

"எனக்கு வேலை பாக்குறியா, ரோட்டுக்கு வேலை பாக்குறியா?" என்று பட்டறை மேஸ்திரி கேட்பார். கேட்டுக்கொண்டே அடுத்த நாளுக்கான சாக்கின் வாயைக் கட்டி வைப்பார்.

தெருக்காரர்கள் அவளைத் தூளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் குழாய் வேலைக்காரன். மழை ஓய்ந்த ஒரு காலையில் இந்த வளைவில்தான் பைக்கோடு சரிந்தான். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. வேகமாக வந்ததால் விழுந்தான் என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். அவன் வேகமாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. "உன் பின்னாடி உக்காந்து வர்றதுக்கு நான் நடந்தே முன்னாடி போய்ச் சேந்துடுவேன்" என்று அவன் தங்கையே கேலி செய்வாள்.

அந்தத் தங்கைக்குச் சலவைத் தொழில். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை ஓடையில் துவைத்து வந்தவள். மேட்டிலிருந்து கசிவது ஓடையில் இறங்க ஆரம்பித்தபின் வெள்ளை விரிப்புகள் பழுப்பாகத் திரும்பிப் போயின. விடுதிகள் ஒவ்வொன்றாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. இப்போது வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்கு எவ்வளவு துணி முடியுமோ அவ்வளவுதான். அண்ணன் செத்த பிறகு அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். தெரு அவளுக்கு வக்கீலம்மா என்று பட்டம் கொடுத்தது. அவள் ஏறி இறங்கியதில், லாரிகளை மேட்டின் மறுபக்கத்துச் சாலையில் விடலாமா என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாக ஒருவழியாகப் பதில் வந்தது.

அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் வக்கீலம்மா அண்ணி வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, நாளைக்கு ஒரு நாள் தூள் போடாதீங்க."

தூளக்கா கைவிரல்களில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க கண்ணால பாக்கணும். நாம மூடி வச்சா என்னத்தப் பாப்பாங்க?"

"அதுக்குள்ள யாராவது விழுந்துட்டா?"

"பாலத்துல ஆள் நிறுத்துறேன். வர்ற வண்டியெல்லாம் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகட்டும். சலூன்காரரு நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

"அந்தாளு வாயடிச்சுக்கிட்டே வண்டியக் கோட்டை விட்டுடுவாரு."

"விடமாட்டாரு. எனக்காக இல்லன்னாலும் அண்ணனுக்காகச் செய்ங்க."

தூளக்கா சரி என்றாள்.

மறுநாள் காலையில் வளைவு பளபளவென்று கிடந்தது. லாரிகள் என்றைக்கும்விடக் கொஞ்சம் தாராளமாகவே கொட்டிவிட்டுப் போயிருந்தன. "நம்ம நேரத்துக்கு இன்னிக்குன்னு பாத்து டபுள் ஸ்ட்ராங்கா ஊத்தியிருக்கான்" என்றார் டீக்கடைக்காரர். கடை பெஞ்சில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பட்டறைக்கு லீவு சொல்லியிருந்த தூளக்கா தன் வீட்டுச் சுவரோரம் நின்றாள். பக்கத்தில் கட்டு அவிழ்க்காத சாக்கு.

பாலத்தின் அந்த முனையில் சலூன்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். ரொட்டி விற்பவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு அப்பா மகளை இறக்கிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெயில் ஏறியதும் பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சலிப்புத் தட்டியது.

"அவங்க வர்ற நேரம் பாத்து ஒருத்தன் லேசா வழுக்கினா நல்லாயிருக்கும்" என்றான் ஒருவன். "அடி படக் கூடாது. சும்மா, லேசா."

"நீயே போய் விழுடா. உங்கிட்டதான் சதை இருக்கு."

சிரித்தார்கள். வக்கீலம்மாவும் சிரித்துவிட்டு, சட்டென்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். தூளக்கா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் வருவார்கள் என்று நினைத்திருந்தார்கள். வந்தது ஒரு பைக். ஓட்டியவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய ஒரு பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். பிடிமானத்துக்கு அவளுக்கு வேறு கை இல்லை.

சலூன்காரர் அவர்களை நிறுத்தினார். வணக்கம் வைத்தார். தன் கடை எங்கே இருக்கிறது, எத்தனை வருஷமாக இருக்கிறது என்று பாலத்தின் மேலேயே ஆரம்பித்தார். பிறகு அதிகாரி என்ற மரியாதையில், இறங்கித் தள்ளச் சொல்ல வாய் வராமல், ஒதுங்கி நின்று இரண்டு கைகளாலும் வழி காட்டினார். "நேரா போங்க சார்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே தூளக்கா சாக்கின் கட்டை அவிழ்த்துவிட்டாள். டப்பாவைத் தேடவில்லை. சாக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடி, வளைவின் வெளி ஓரத்தில் கொட்டி, காலாலேயே பரத்தினாள்.

"அண்ணி! அண்ணி, வேணாம்!"

பைக் பாலத்தை விட்டு இறங்கி, தூளின் மேல் மெதுவாகத் திரும்பி, டீக்கடை முன்னால் வந்து நின்றது. புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. வேறொன்றும் ஆகவில்லை.

முதலில் ஓடைக்குப் போனார்கள். அந்தப் பெண் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் புட்டியை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். சோதனை முடிவு வர நாளாகும் என்றாள். அதிகாரி கரையில் கிடந்த துவைகல்லைப் பார்த்தார்.

"இங்க சோப்பு போட்டுத் துவைக்கிறாங்களா?"

"துவைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றாள் வக்கீலம்மா. "இந்தத் தண்ணில யாராவது துவைப்பாங்களா?"

"கல்லு இருக்கே."

திரும்பி வளைவுக்கு வந்தார். செருப்பு நுனியால் தூளைக் கிளறினார்.

"இத யாரு ரோட்டுல கொட்டினது?"

தூளக்கா முன்னால் வந்தாள்.

"நான்தாங்க."

"ஏம்மா?"

"வழுக்கும் சார். லாரியிலேர்ந்து ஒழுகுது."

"நான் இப்ப வந்தேனே, வழுக்கலையே."

"தூள் போட்டிருக்கு. அதனாலதான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபக்காரர் மாதிரித் தெரியவில்லை. "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. ஆனா நான் பாத்தத மட்டும்தான் எழுத முடியும்."

வக்கீலம்மா குனிந்து இரண்டு கைகளாலும் தூளை ஒதுக்கினாள். அடியில் கறுத்த கூழ் வந்தது. அதை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். "இதப் பாருங்க சார். மோந்து பாருங்க."

"மரத்தூள் ஊறினா இப்படித்தான்மா இருக்கும்" என்றார் அவர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

பைக் போன பிறகு கூட்டம் கலைந்தது. சலூன்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் போய்க் கடையைத் திறந்தார். வக்கீலம்மா தெருக்குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அதன்பின் பல நாள் அவள் அண்ணி வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்த அன்றைக்கும் படியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல அண்ணி. கொஞ்சம் பொறுத்துப் போட்டிருக்கலாம்."

"பொறுத்துன்னா? அவங்க விழுந்த பிறகா?"

வக்கீலம்மா வளைவுப் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணன் விழுந்தப்ப நான் இந்தச் சுவரோரமாத்தான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள் தூளக்கா. "சும்மா நின்னேன்." வக்கீலம்மா படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

லாரிகள் அதே வழியில் ஓடின. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு தகரப் பலகையையும் இரும்புக் கம்பத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கூலிக்காரர் தனியாக வந்தார். வளைவின் வெளி ஓரத்தில் குழி தோண்டிக் கம்பத்தை நட்டார். பலகையைத் தூக்கிப் பிடித்து முடுக்க ஏணி வேண்டியிருந்தது. ஏணியைச் சாய்த்தால் அதன் கால்கள் சறுக்கிச் சறுக்கிப் போயின. இரண்டு தடவை முயன்று பார்த்தவர், சுற்றுமுற்றும் தேடி, சுவரோரம் இருந்த சாக்கைக் கண்டார்.

"அக்கா, அந்தத் தூள் கொஞ்சம் போடுறீங்களா? ஏணி நிக்க மாட்டேங்குது."

தூளக்கா டப்பாவில் அள்ளி வந்து ஏணியின் அடியில் தூவினாள். இன்னும் ஒரு கை தூவி, இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே ஏறி, சாலையில் மரத்தூள் கொட்டுவதும் ஓடையில் துணி துவைப்பதும் தண்டனைக்குரியது என்று எழுதியிருந்த பலகையை வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்.

"நேரா இருக்கா பாருங்கக்கா" என்றார் மேலிருந்து.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "வலது பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.