‘ஊசி’ என்ற சொல்லுக்கு ஒரு படம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ‘தினம் ஒரு சொல்’ என்று பெயர். பெரிய அத்தை மகள் ஃப்ளோரன்ஸ் ஆரம்பித்தது. காலையில் அவள் ஒரு சொல் போடுவாள். குடை, வாளி, படி, புகை என்று வீட்டிலும் தெருவிலும் கிடக்கிற சொல்தான். அதற்கு நம்மிடம் இருக்கிற ஒரு படத்தைத் தேடிப் போட்டு, அதன் கதையை நாலு வரி எழுத வேண்டும். சொந்தப் படம், சொந்த நினைவு. ஃபார்வர்டு கூடாது. ஃப்ளோரன்ஸ் ஸ்கூல் டீச்சர். யார் என்ன போட்டாலும் படிக்கிறாளோ இல்லையோ, ஒரு சிவப்பு இதயமும் ‘அருமை’யும் போட்டுவிடுவாள்.

‘புகை’ என்றபோது என் அக்கா பெனிஷா, விம்கோ நகர் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற எண்ணூர்ப் புகைபோக்கிகளைப் போட்டாள். ‘படி’க்குத் தம்பி டென்னிஸ், காலடிப்பேட்டையில் எங்கள் மளிகைக் கடையின் அரிசிப் படியைப் போட்டான். எனக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் லாரிதான். மாதவரத்தில் நானும் என் வீட்டுக்காரர் தௌசீஃபும் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறோம். கடைக்கு மேலேயே வீடு. போன் முழுக்க உடைந்த சாமானின் படங்கள். இடம் போதாமல், வருகிற படம் எதுவும் கேலரியில் தானாகச் சேராதபடி நிறுத்தி வைத்திருந்தேன். ‘குடை’க்கு லாரித் தார்ப்பாயைப் போட்டேன். அதற்கும் ‘அருமை’ வந்தது.

சிரிப்புக்குச் சொல்கிறேன். உண்மை என்னவென்றால், குடும்பப் படம் என்று போட என்னிடம் எதுவும் கிடையாது. தௌசீஃபைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கு அம்மா, “இனிமே என் முகத்துல முழிச்சிராத ஏட்டி” என்றாள். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராசுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும், கோபம் வந்தால் அம்மாவுக்கு ஊர்ப் பேச்சுதான் வரும். அதற்கப்புறம் ஐந்து கிறிஸ்துமஸ் அந்த வீட்டில் நான் இல்லை. ஆறாவது கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். நான் அக்காவுக்குப் போன் பண்ணி, வரட்டுமா என்று கெஞ்சினேன்.

“வேணாம்டி. உன் பேரை எடுத்தாலே மூஞ்சைத் திருப்பிக்கிறாங்க. வந்து அவங்க உசுர எடுக்காத” என்றாள் அக்கா.

நான் போகவில்லை. பொங்கலுக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். அடக்க ஆராதனைக்குக் கோயிலில் கடைசி வரிசையில் நின்று பெட்டியைத்தான் பார்த்தேன். சாகும்போதுகூட அம்மா என்னை மன்னிக்கவில்லை என்ற நினைப்போடு மூன்று வருஷம் ஓடியது. சில நாள் அம்மா மேல் கோபம் வரும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

போன வருஷம் அக்கா தானாகவே மாதவரத்துக்கு வந்தாள். கையில் ஒரு பை. “போனது போவட்டும். உனக்குன்னு கடையில பாத்து எடுத்தேன்டி” என்று ஒரு சேலையை நீட்டினாள். கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் பார்டர். நான் அவள் தோளில் சாய்ந்து அழுத அழுகையில் தௌசீஃபே கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போனார். அம்மா செய்யாததை அக்கா செய்தாளே என்று பூரித்துப் போனேன். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அம்மாவின் நினைவு ஆராதனைக்குப் போனேன். டென்னிஸின் மனைவி அனிஷா என் முந்தானையை விரலால் தொட்டு, “நல்லா கீது அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். குழுவில் என்னைச் சேர்த்ததும் அதற்குப் பிறகுதான்.

நேற்றுக் காலையில் ஃப்ளோரன்ஸ் போட்ட சொல், ஊசி.

கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஊசிக்கு எந்த லாரிப் படத்தைப் போடுவது என்று யோசிப்பதற்குள் அக்காவின் படம் வந்துவிட்டது. அம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள். கீழே அக்கா எழுதியிருந்தாள்: ‘கடைசி கிறிஸ்துமஸ். அப்பவும் கண்ணாடி போடாம அம்மா ஊசி கோத்தாங்க. அந்தக் கண்ணு யாருக்கு வரும்?’

அம்மா அவ்வளவு இளைத்துப்போயிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு கையை. பிறகு நூலை.

நூல் நீலம்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அம்மா எம்.சி. ரோட்டில் ஒரே மாதிரி சேலைகளாகக் கட்டோடு எடுப்பாள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது கடைக்காரக் குடும்பத்துப் புத்தி. தோய்த்துக் கொடியில் போட்டால் எது யாருடையது என்று தெரியாமல் நானும் அக்காவும் குடுமிப்பிடிச் சண்டை போடுவோம். அதனால் ஒவ்வொரு சேலையிலும் உள்முனையில் கடுகளவுக்கு ஒரு சிலுவைத் தையல் போட்டுவிடுவாள். அக்காவுக்குச் சிவப்பு. மருமகளாக வந்த அனிஷாவுக்குப் பச்சை. நீலம் எனக்கு. நீலத்தை அம்மா வேறு யாருக்கும் தொட்டதில்லை.

படத்தில் அம்மாவின் மடியில் கிடந்த சேலை கத்தரிப்பூ நிறம், மஞ்சள் பார்டர். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு.

“இன்னா ஜெசி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்று தௌசீஃப் கேட்டது காதில் விழுந்தது. மாடிக்கு ஓடினேன். பீரோவிலிருந்து சேலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உள்முனையைப் பிரித்துப் பார்த்தேன். தையல் இல்லை. தையல் இருந்த இடம் இருந்தது. நாலு பொடி ஓட்டை, அதில் ஒன்றில் மயிரிழைபோல ஒரு துணுக்கு நீலம். பிரித்தவளுக்கு அவசரமோ, இல்லை அம்மாவின் கண் வரவில்லையோ, அது அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் தேங்காயை எனக்கே உடைத்து, கும்பிடும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் என் அக்கா. நான் அவள் தோளில் அழுததை நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

போன் போட்டேன்.

“இன்னாடி, காலங்காத்தால?” பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்தப் படத்துல அம்மா யார் சேலையில தையல் போடுறாங்க?”

“எந்தப் படம்?”

“ஊசின்னு இப்ப போட்டியே.”

மிக்ஸி நின்றது. “ஏதோ ஒரு சேலை. அதுக்கு இன்னா இப்ப?”

“நீல நூலு அக்கா.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். என்னிடமிருந்து தையலைப் பிரித்தவள், அந்தத் தையலைப் போட்ட கையைத் தானே ஊருக்குக் காட்டியிருக்கிறாள். அவளுக்கு அது அம்மாவின் கண் பார்வை, ஒரு ஊசி, அவ்வளவுதான். நூல் என்ன நிறம் என்று அவள் பார்க்கவே இல்லை.

“அம்மா என்னைக் கூப்ட்டாங்களா?” என்றேன்.

“ஜெசி, நான் சொல்றதக் கேளு. அப்ப என் மகிழினிக்கு மாப்பிள்ள பேசிகினு இருந்தோம். நல்ல எடம். அவங்க வூட்டுல அம்மாவப் பாக்க வந்து போய்கினு இருந்தாங்க. நீ உன் வூட்டுக்காரரோட வந்து நின்னா இன்னா நெனப்பாங்க? நான் பொண்ணப் பெத்தவடி.”

“கூப்ட்டாங்களா, இல்லியா?”

“கூப்ட்டாங்க.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருஷமாக நான் சுமந்த கல் இறங்க வேண்டிய நேரம் அது. இறங்கவிடாமல் அடுத்த கேள்வி வாயில் வந்து நின்றது.

“நான் ஏன் வரலைன்னு கேட்டிருப்பாங்களே. இன்னா சொன்ன?”

“பழசையெல்லாம் கிளறாத.”

“இன்னா சொன்ன?”

“நீ வரமாட்டேன்னு சொல்லிட்டன்னு சொன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?”

என்னிடம் அம்மா வேண்டாம் என்கிறாள் என்று சொன்னாள். அம்மாவிடம் நான் வரமாட்டேன் என்கிறேன் என்று சொன்னாள். நடுவில் நின்று இரண்டு கதவையும் அவளே சாத்தியிருக்கிறாள்.

“அதுக்கு அம்மா இன்னா சொன்னாங்க?”

“அழுதாங்க. அப்பறம், சேலையவாச்சும் அவகிட்ட குடுத்துருன்னாங்க.” அக்காவின் குரல் சட்டென்று உயர்ந்தது. “குடுத்தேன்ல? நானே எடுத்துகினு வந்து உன் கையில குடுத்தேன்ல? வந்து சேந்துச்சா, இல்லியா?”

“தையல ஏங்கா பிரிச்ச?”

அக்கா போனை வைத்துவிட்டாள்.

தௌசீஃப் மேலே வந்து வாசலில் நின்றிருந்தார். பாதி கேட்டிருப்பார் போல. “நான் ரோட்டுலயே நின்னுகினு இருந்திருப்பேன் ஜெசி. நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வந்திருக்கலாம்” என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. பெரிய காரியமாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒருத்தர் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றிருந்தால் போதும்.

சேலையின் முனையை ஜன்னல் கட்டையில் விரித்து, நாலு ஓட்டையும் அந்த நீலத் துணுக்கும் தெரியப் படம் எடுத்தேன். குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘ஊசி. அக்கா போட்ட படத்துல அம்மா நீல நூல் கோக்குறது இந்தச் சேலைக்கு. இது அம்மா எனக்கு எடுத்தது. தையலப் பிரிச்சு, தான் வாங்கினதுன்னு சொல்லி என்கிட்ட குடுத்தது பெனிஷா அக்கா. அம்மா கடைசியா என்னைக் கூப்ட்டிருக்காங்க. நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்ல.’

முதலில் ஃப்ளோரன்ஸின் இதயம் வந்தது. ‘அருமை’ வந்தது. பிறகு அவள் படித்திருக்க வேண்டும். இரண்டும் காணாமல் போயின. டென்னிஸ் பார்த்தான். ஒன்றும் எழுதவில்லை. அனிஷா தனியாக எனக்கு அனுப்பினாள்: ‘சாரி அண்ணி. அந்தச் சேலையைப் பார்த்த அன்னிக்கே தெரியும். சொல்ல தைரியம் வரல.’ முழுப் பூசணிக்காயை மறைக்க எல்லாரும் ஆளுக்கொரு கை சோறு போட்டிருக்கிறார்கள்.

அனிஷாவுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அம்மாவை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. குழுவுக்குள் போய் மேலே தள்ளினேன். அக்காவின் பெயருக்குக் கீழே, படம் இருந்த இடத்தில், ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்று இருந்தது.

நான் அதைச் சேமித்து வைக்கவில்லை. கோபத்தில் தோன்றவே இல்லை. கேலரியைத் திறந்து மேலிருந்து கீழ்வரை தேடினேன். பிரேக் டிரம், ஸ்பிரிங் பட்டை, டயர், மறுபடியும் டயர். எனக்காக அம்மா ஊசி கோத்த படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அக்காவின் போனில்தான் இருக்கிறது.