ஆணி இறங்காத வீடு

சபரிநாதன் காலை ஐந்தரைக்கு எழுவான். மோட்டார் போடுவான். தொட்டி நிறைவதற்குள் பல் விளக்கி, அரை லிட்டர் பால் வாங்கிவந்து அடுப்பில் வைப்பான். பால் பொங்குவதற்குள் வீட்டைக் கூட்டுவான். முந்தின நாள் சுவரிலும் கூரைக் கைமரத்திலும் அடித்த ஆணிகளெல்லாம் இரவோடு இரவாக வெளியே வந்து தரையில் கிடக்கும். அவற்றை முறத்தில் அள்ளி, வளைந்தவற்றை ஒரு டப்பாவிலும் நேரானவற்றை இன்னொரு டப்பாவிலும் போடுவான். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, காபி குடித்துவிட்டு, பைக்கில் திருச்செங்கோட்டுக்குக் கிளம்புவான். அங்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வரைபடம் போடுவது அவன் வேலை. மாசியில் ஆரம்பித்த இந்த வழக்கம் ஆனிவரை மாறவில்லை.

வீடு மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. அவன் அப்பா கட்டிய ஓட்டு வீடு, மண் சுவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்தது. சபரிநாதனும் அவன் மனைவி யுவஸ்ரீயும் திருச்செங்கோட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. பின்னால் கல்யாணம் செய்துகொண்ட அவள் தங்கை தீபிகாவுக்கு முன்னால் பிள்ளை வந்தது. தங்கையின் வளைகாப்புக்கு வளையல் அடுக்க யுவஸ்ரீயை யாரும் கூப்பிடவில்லை. அவள் யாரையும் கேட்காமல் முதல் ஆளாகப் போய் அடுக்கிவிட்டு, எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அப்படிப்பட்டவள் தானும் மாசமானபோது வாடகை வீட்டுக்காரரிடம் போய், தொட்டில் கட்ட மேலே ஒரு கொக்கி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். கூரை கான்கிரீட், ஓட்டை போட்டால் ஒழுகும் என்று அவர் சொன்னார். அன்று சாயங்காலமே யுவஸ்ரீ பழைய வீட்டின் சாவியைத் தேடி எடுத்தாள்.

மாசமாக இருப்பவளின் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுவரில் அடிப்பது வயிற்றுப் பிள்ளையின் மேல் படும் என்பார்கள். எந்தச் சாங்கியத்துக்கும் பயப்படாத யுவஸ்ரீ இந்த ஒன்றுக்கு மட்டும் பயந்தாள். ஆகவே நைந்துபோன நாட்டு ஓட்டைப் பிரித்தார்கள், சுவரைப் பூசினார்கள், தரைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், கைமரங்களை ஆணியில்லாமல் காடி வெட்டிப் பொருத்தி ஏற்றினார்கள். கைமரத்தின் மேல் ரீப்பர் சட்டம் அடித்து மங்களூர் ஓடு வேய்வதை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளி வைத்தார்கள். சபரிநாதன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு இரும்புக் கொக்கி வாங்கினான். விட்டத்தில் அடித்து இறக்கும் கூர்முனைக் கொக்கி. அதை வேலைக்குப் போகும்போதுகூடச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. விடிவதற்குள் யுவஸ்ரீ இறந்துபோனாள். கூரையில்லாத வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதால், ஆம்புலன்ஸ் நேராக எருமப்பட்டிக்கு, அவள் பிறந்த வீட்டுக்குப் போனது. குழந்தையும் அங்கேயே இருந்தது. தீபிகா கைக்குழந்தைக்காரி, தன் மகனுக்கு ஒரு பக்கமும் அக்காள் மகளுக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தாள்.

காரியம் முடிந்து சபரிநாதன் தனியாகப் பழைய வீட்டுக்கு வந்தான். யுவஸ்ரீயின் படத்தை மாட்ட ஒரு ஆணி அடித்தான். மறுநாள் காலையில் ஆணி தரையில் கிடந்தது. படம் மட்டும் யாரோ எடுத்து வைத்ததுபோலச் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அவன் சற்றுப் பெரிய ஆணியாகப் பார்த்து அடித்தான். அடுத்த நாள் அதுவும் கிடந்தது. அந்த வாரமே தச்சர் நாச்சிமுத்து வந்து ரீப்பர் அடிக்கத் தொடங்கினார். நாள் முழுக்க அடித்ததை மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சட்டங்கள் கைமரத்தின்மேல் சும்மா படுத்திருக்கும், ஆணிகள் கீழே சிதறியிருக்கும்.

"ஏனுங்க சபரி, உங்கூடு பொடக்காலிப் பக்கம் போயி வாயக் கொப்புளிக்கறாப்பல ஆணியத் துப்புதுங்க" என்றார் நாச்சிமுத்து. "நானும் எத்தனையோ ஊட்டுக்குக் கூரை போட்டிருக்கறனுங்க. கூலி குடுக்காத ஊட்டைப் பாத்திருக்கறன். ஆணி வாங்காத ஊட்டை இப்பத்தான் பாக்கறன்."

ஸ்க்ரூ போட்டார்கள், அவை தாமாகத் திருகிக்கொண்டு வெளியே வந்தன. சிமெண்டில் போல்ட்டைப் பதித்தார்கள். சிமெண்ட் அதை மாம்பழம் கொட்டையை விடுவதுபோல விட்டுவிட்டது. தீபிகாவின் கணவன் குணசீலன் ரிக் வண்டி வைத்திருப்பவன். சத்தீஸ்கரில் கருங்கல்லை ஆயிரம் அடிக்குத் துளைத்த பிட் ஒன்றையும் கம்ப்ரசரையும் கொண்டுவந்து, "இது எறங்காத எடமே இல்லீங்கண்ணா" என்று மண் சுவரில் வைத்தான். பிட் மொக்கையாகிவிட்டது. குணசீலன் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, இந்த மண்ணை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டான்.

ஊரில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் மரவள்ளிக்கு விலை இறங்கியிருந்தது, பேச அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சாலம்மாள் மட்டும் ஆடு மேய்த்துக்கொண்டே வேலியோரம் வந்து நின்று பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்: "மாசமா இருக்கறவ இருக்கற ஊட்லதான் ஆணி ஆகாது சாமி. உன்ற ஊட்ல ஆரு மாசமா இருக்கறா?"

"ஆருமில்லீங்க."

"இல்லீன்னு ஊட்டுக்கு ஆரு சொன்னது?"

சொல்லிவிட்டு அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். சபரிநாதன் டப்பாவில் ஆணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அழவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள். பட்டறையில் அவன் வரைந்த கோடுகள் முன்பைவிட நேராக இருந்தன. சித்திரையில் கோடை மழை வந்தபோது, நான்கு வேப்பமரங்களுக்கு இடையே தார்ப்பாய் கட்டி, அதன் கீழே கட்டிலைப் போட்டுக்கொண்டான். மரத்தில் கட்டிய கயிற்றை வீடு ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எருமப்பட்டிக்குப் போனான். குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், கேட்டால் திருப்பிக் கொடுப்பான். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் யுவஸ்ரீயின் கடைசி வார்த்தைகள் பெருகின. ஆபரேஷன் அறைக்குள் போகும்போது அவள் பக்கத்தில் இருந்தது அவன் ஒருவன்தான். ஆனால் அவனைத் தவிர எல்லோரும் சொன்னார்கள். "அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்று சொன்னதாக ஒரு சித்தப்பா சொன்னார். "அவரு சாப்பிட்டாரா" என்று கேட்டதாகப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவன் மாமியார் சௌந்திரம், "என்ற புள்ளைய தங்கச்சி கையில குடுத்துருங்க" என்றுதான் மகள் சொன்னாள் என்று நம்பினாள். சொல்லிச் சொல்லி, அந்தக் குரலையே தன் காதால் கேட்டதாக ஆகிவிட்டது அவளுக்கு. சபரிநாதன் மறுக்கவில்லை. உண்மையில் அவள் சொன்னது அவனுக்குத் தெரியும். அது இவற்றில் எதைவிடவும் சின்னதாக இருந்தது. அதைச் சாவு வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடியவன், பிறகு திறக்கவேயில்லை.

ஆனி மாதத்தில் குணசீலன் ராய்ப்பூரில் வீடு பார்த்துவிட்டு வந்தான். ரிக் வேலை அங்கேதான் இருந்தது, ஆவணியில் குடும்பத்தோடு போவதாக முடிவு. தீபிகா சபரிநாதனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். "கூரை போட்டு முடிச்சீங்கன்னா புள்ளைய உட்டுட்டுப் போறனுங்க மாமா. பகல்ல அம்மா வந்து இருந்துக்குவாங்க. முடியலீன்னா நாங்க கூட்டிட்டுப் போறோம். வானத்துக்குக் கீழ புள்ளையப் போட முடியாதுங்கல்ல? கொஞ்சம் பெருசாகட்டும், நடக்கற வயசுல கொண்டாந்து உடறோம்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நடக்கிற வயதில் அந்தக் குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடும், யார் முகத்தைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சபரிநாதன் சரி என்று தலையாட்டினான். அன்றிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு நாச்சிமுத்துவோடு தானும் சுத்தியல் பிடித்தான். விடிந்து பார்த்தால் ஆணிகள் முறம் முறமாகக் கிடந்தன.

ஆடி முதல் நாள் வந்தது. அந்தப் பக்கமெங்கும் அன்று தேங்காய் சுடுவார்கள். கண்ணைத் துளைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் எள்ளும் அவலும் நிரப்பி, அழிஞ்சிக் குச்சியில் குத்தி நெருப்பில் காட்டுவார்கள். காட்டுக்குக் காடு புகையும் வெல்ல வாசமும் காற்றில் பறந்துகொண்டிருந்த சாயங்காலத்தில் தீபிகா காரில் வந்து இறங்கினாள். அக்காள் வாங்கி வைத்திருந்த குழந்தைத் துணிகளை ராய்ப்பூருக்கு எடுத்துப்போக வந்திருந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் புது வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று வாசலோடு நின்றுகொண்டாள். கைமரங்களுக்கு மேலே வெறும் வானம் தெரிவதைப் பார்த்தாள். 

சபரிநாதன் துணி மூட்டையைக் காரில் வைத்தான். பிறகு கையை நீட்டினான்.

"ஒரு நிமிசம் குடு. பாப்பா இந்த ஊட்டைப் பாக்கவே இல்லை."

"காத்து அடிக்குதுங்க மாமா."

"ஒரு நிமிசம்."

அவன் எதையும் கேட்டுப் பார்த்திராத தீபிகா கொடுத்துவிட்டாள். அவன் குழந்தையை உள்ளே கொண்டுபோனான். இது சமையலறை, ஜன்னலை இவ்வளவு தாழ்த்தி வைத்தது உன் அம்மா, சமைத்துக்கொண்டே உன்னை வாசலில் பார்க்கவேண்டுமாம் என்றான். இந்தச் சுவருக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னாள், பச்சை என்றேன், மஞ்சள்தான் அடித்தோம் என்றான். ஆறு மாதத்தில் அவன் மொத்தமாகப் பேசியதைவிட அது அதிகம். குழந்தை கண் விழித்தது. தாடி வளர்ந்த அந்த முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி, பின்பு வீடே அதிரும்படி அழுதது.

நாச்சிமுத்து அப்போது ஏணியின் மேல் இருந்தார். ரீப்பரில் வைத்திருந்த ஆணியை ஒருமுறை தட்டினார். அது வாழைத்தண்டில் இறங்குவதுபோலத் தலைவரைக்கும் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. கைமரம் திண்ணென்று ஒலித்தது, இத்தனை நாள் அந்த ஒலியே வந்ததில்லை. அவர் குறடால் ஆணியைப் பிடுங்கிப் பார்த்தார். வரவில்லை.

"சபரி, புள்ளைய நிறுத்தாதீங்க, அழுவட்டும்!" என்று மேலிருந்து கத்தினார். "இந்த வரிசைய முடிச்சுப்போடறன்!"

வாசலில் நின்ற தீபிகா ஆடியை மறந்து உள்ளே ஓடிவந்தாள். யார் நெஞ்சை எதிர்பார்த்து அழுகிறது என்று தெரியாமல் இருவரும் குழந்தைக்கு முன்னால் நின்றார்கள். குழந்தை ஒருமுறை விக்கிவிட்டு மேலே பார்த்தது. கைமரங்களுக்கு நடுவே வெளுத்த பகல் நிலா இருந்தது. அழுகை நின்றது. சபரிநாதனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தது. அப்போதுதான் அவன் அழுதான். நாச்சிமுத்து அதைப் பார்க்காததுபோல அடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் தரையில் ரீப்பர் ஆணி ஒன்றுகூட இல்லை. தீபிகா தன் மகனையும் எருமப்பட்டியிலிருந்து வரவழைத்துக்கொண்டு, குழந்தையோடு அங்கேயே தங்கினாள். நாச்சிமுத்து அவசர அவசரமாக ஓடு வேய்ந்து முடித்தார். அவ்வளவு ஆணி அடித்தும் பக்கத்தில் தூங்கிய குழந்தை ஒருமுறைகூடத் திடுக்கிடவில்லை. தொட்டில் கொக்கியைச் சபரிநாதனே விட்டத்தில் அடித்தான். அது இறங்கியபோது தீபிகா சேலை முந்தானையால் மார்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள். நெடுநேரம் கழித்து வந்து, "பேரு நான் வெச்சுக்கறனுங்க மாமா. அதையாச்சும் எனக்குக் குடுங்க" என்றாள். நிலா என்று வைத்தாள்.

ஆவணியில் தீபிகாவும் குணசீலனும் மகனோடு ராய்ப்பூர் போனார்கள், நிலா அப்பாவிடம் இருந்தாள். அங்கே தீபிகாவின் மகன் பால் மறந்த பிறகும், மல்லசமுத்திரத்தில் நிலா எப்போதெல்லாம் அழுதாளோ அப்போதெல்லாம் தீபிகாவுக்குப் பால் சுரந்தது. அதை வைத்து நேரம் பார்த்து அவள் போன் செய்வாள். பல் முளைப்பதா, காய்ச்சலா என்று கேட்பாள். ஒரு வருடம்வரை அப்படி இருந்தது என்கிறார்கள். நிலா இப்போது பள்ளிக்கூட வேனில் போகிறாள். ஐப்பசி மழை எத்தனையோ அடித்தும் அந்தக் கூரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

சபரிநாதன் இன்னும் காலை ஐந்தரைக்கு எழுகிறான். மோட்டார் போடுகிறான், பால் வைக்கிறான், வீட்டைக் கூட்டுகிறான். படத்துக்காக அவன் அடிக்கிற ஆணி மட்டும் அன்றாடம் தரையில் கிடக்கிறது. யுவஸ்ரீயின் படம் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கிறது. மாலை போட வாகாக ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொள்ளலாமே என்று சௌந்திரம் சொல்லிப் பார்த்தாள். அவன் ஆணியை எடுத்துத் துடைத்து, சாயங்காலம் மறுபடி அதே இடத்தில் அடிக்கிறான். அது இறங்கி நின்றுவிட்டால், யுவஸ்ரீ இனி வரமாட்டாள் என்று வீடு முடிவு செய்துவிட்டதாக அர்த்தம். இதுவரை நிற்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் டிராலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கொக்கியை யுவஸ்ரீ பார்த்தாள். வலிக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"நானும் புள்ளையும் வந்து சேர்ற வரைக்கும் ஊட்ல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள்.