கார்டு உட்காரும் இடம்

தையல்காரருக்கு எரிச்சல் வந்தால் இடது காது சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன. தையல் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கார்டு பெட்டி நின்றது. சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வருவாரே, அந்தப் பெட்டியின் கையளவு உருவம். ஸ்டைரீன் என்கிற வெள்ளை பிளாஸ்டிக் அட்டையை அறுத்து, ராவி, ஒட்டி, எல்லாம் அவரே செய்தது. கடையில் வாங்கியது சக்கரம் மட்டும்தான்.

யாரும் அவரைக் கட்டச் சொல்லவில்லை. வலியப் போய் மாட்டிக்கொண்டார். மனைவியின் அண்ணன் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த மச்சானுக்கு இவர்தான் சட்டை தைக்கிறார். ஒரு தடவையாவது 'நல்லாயிருக்கு' என்று அந்த வாயிலிருந்து வந்திருக்குமா? போட்டுப் பார்ப்பார், கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றுவார், "பரவாயில்ல மாப்ளே" என்பார். அதைக் கேட்டுக் கேட்டுத் தையல்காரருக்கு வயிறு எரிந்தது. சட்டைக்கு மசியாத மனுஷன் தன் பழைய பெட்டியைப் பார்த்தாவது மசிவார் என்று கணக்குப் போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சுவர்கள்தான் கோளாறு. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அளவு வரைந்த ஒரே காகிதத்தை மேலே வைத்து, ஒன்றாகவே அறுத்தார். ஆயுசு முழுக்கத் துணியை அப்படித்தான் வெட்டியிருக்கிறார். துணியை மடித்தால் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் தானாக முகம் பார்த்துக்கொள்ளும். ஒரு வெட்டில் இடது கையும் வலது கையும் கிடைத்துவிடும். அட்டைக்கு அந்தப் புத்தி கிடையாது. பலகை மாதிரிக் கோடு கீறிய பக்கம் இரண்டிலும் மேலே இருக்கும்படி அடுக்கிவிட்டார். கிடைத்தது இரண்டும் இடது சுவர். ஒன்றைத் திருப்பி ஒட்டலாமென்றால் கோடுகள் உள்ளே போய், வெளியே மொட்டைச் சுவர் நிற்கும்.

இதெல்லாம் கூரை ஒட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஒட்டும் திரவமோ அட்டையையே உருக்கி ஒன்றாக்கிவிடும் சாமான். தையல் என்றால் பிரிக்கலாம். இதைப் பிரித்தால் உடையும். பின்கோடியில் எதிரும் புதிருமாக இருக்கவேண்டிய இரண்டு சன்னல்களில் ஒன்று மட்டும் அங்கே இருந்தது. இன்னொன்று முன்கோடிக்குப் போய்விட்டது.

"சுவரோரமா வைங்க. ஒரு பக்கம்தானே தெரியும்," என்றாள் மனைவி. "அண்ணன் என்ன தூக்கியா பார்க்கப்போறார்?"

"உங்க அண்ணனா? சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற ஆளும்மா அவர்."

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. மச்சான் வருவதற்குள் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். அப்படி ஒளித்துவைப்பது அவருக்கே கேவலமாக இருந்தது.

சாயங்காலம் மச்சான் வந்தார். நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கைப்பிடி இருக்கு. படி இருக்கு. அட, வால் விளக்குகூட இருக்கே." தையல்காரர் மூச்சுவிட மறந்து நின்றார். இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, ஒரு கண்ணைச் சன்னலில் வைத்தார்.

"என்ன மாப்ளே, உள்ளே இருட்டா இருக்கு?"

"கூரை போட்டா இருட்டாத்தானே இருக்கும்."

"இருக்காதே. எதிர்ச் சன்னல் வழியா வெளிச்சம் வரணும். எழுந்திருக்காமலே ரெண்டு பக்கமும் பார்ப்பேன் நான்." பெட்டியைத் தூக்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். எப்படித் திருப்பினாலும் அதே முகம்தான் தெரிந்தது. "ஒரு சன்னல் இங்கே, ஒண்ணு அங்கே. இதுல நான் எங்கே உட்காருறது?"

தையல்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணி மடிப்பது, அட்டை அடுக்குவது, இரண்டு இடது சுவர், எல்லாவற்றையும் யாரையோ திட்டுவதுபோல் கொட்டித் தீர்த்தார். மச்சான் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்துத்தான் அடங்கினார். பிறகு தன் சட்டைக் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"ஒரு சுவர் மாறினதுக்கே பெட்டி இப்படி ஆயிடுச்சு. இந்தச் சட்டையில எத்தனை துண்டு இருக்கும்? ஒண்ணுகூட மாறினதில்லையே. நல்லாத்தான் தைக்கிறீங்க மாப்ளே."

காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. அதுவும் பாழாய்ப்போன பெட்டி கண்ணெதிரே கிடக்கிற நேரம் பார்த்து. தையல்காரருக்குச் சந்தோஷப்படக்கூட ஆத்திரமாக இருந்தது.

"இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

மச்சான் நிஜமாகவே யோசித்தார். "சட்டை எங்கேயாவது உறுத்தினாத்தான் அதைப் பத்தி நினைப்பே வரும். உங்க சட்டை உறுத்தினதே இல்லையே."

தையல்காரர் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புது அட்டை ஒன்றை மேசையில் விரித்தார். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் குனிந்து, மச்சானின் முழங்கால் உயரத்தை அளந்தார்.

"இதெல்லாம் எதுக்கு மாப்ளே?"

"ஆடாம உட்காருங்க. இந்தத் தடவை பெட்டிக்குள்ள முதல்ல உங்க நாற்காலி. அதுக்கப்புறம்தான் சுவர்."