ஸ்பீக்கருக்குப் போகாத கிடார்

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் சுயசரிதையைச் சத்தமாகப் படிக்கப் படிக்க, தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியில் விழுந்து எழுந்த ராக் பாடகனின் கதை. சீக்கிரமே அச்சுக்குப் போகிறது. அதற்குள் பழைய குழுவில் மிச்சமிருக்கிற இரண்டு பேருக்கும் படித்துக் காட்டிவிட வேண்டுமாம். பெரிய மனசுதான்! ஒருத்தி அவள், இரண்டாவது கிடார். இன்னொருவர் மிக்ஸர்காரர். இவர்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தே பாதிக் காது போன மனிதர். ஒத்திகை அறையில் ஏசி ஓடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு உரிந்து தொங்கியது.

"அந்த மைதானத்தில் வாசித்தது நான் இல்லை. எனக்குள் இறங்கியிருந்த விஸ்கி பாட்டில்தான் வாசித்தது," என்று அண்ணன் உருக்கமாகப் படித்தான். "அப்படி ஒரு வாசிப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை."

'நான் இல்லை' என்றானே, அது ஒன்றுதான் உண்மை.

அந்தக் கச்சேரியின் பதிவுதான் குழுவுக்குச் சோறு போட்டது. நடுவில் நீளமாக வருகிற கிடாரை இன்றைக்கும் ஊரெல்லாம் வாசித்துப் பார்க்கிறார்கள். அதை வாசித்தவள் தங்கை. அண்ணனால் அன்றைக்கு நேராக நிற்கவே முடியவில்லை. இரண்டாவது பாட்டு முடிவதற்குள்ளேயே மிக்ஸர்காரர் அவன் கிடாரை வெளி ஸ்பீக்கரிலிருந்து எடுத்துவிட்டார். காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் அவன் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜனங்களுக்குக் கேட்டதெல்லாம், மேடை ஓரத்தில் வெளிச்சம் விழாத இடத்தில் நின்ற தங்கையின் வாசிப்பு. மறுநாள் பதிவைக் கேட்டுவிட்டு, "நானா இது!" என்று அண்ணன் பூரித்துப்போனான். நினைவு இருந்தால்தானே சந்தேகம் வரும்? யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ரோஷப்பட்டு வீட்டில் படுத்துக்கொள்வான், அவன் முகம் இல்லாவிட்டால் எந்த மைதானமும் நிறையாது.

அண்ணன் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டதைக்கூட அவள் இத்தனை காலம் பொறுத்துப்போனாள். இப்போது அதைக் கொண்டுபோய் ஒரு பாட்டிலுக்குத் தாரைவார்த்தால் எப்படிப் பொறுப்பது?

"நிறுத்துண்ணா," என்றாள்.

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதை வாசிச்சது நான்."

அண்ணன் சிரித்தான். குடியை விட்டதிலிருந்து, யார் என்ன சொன்னாலும் சாந்தமாகச் சிரிக்கிற ஒரு வியாதி அவனுக்கு. "நீயும் கூட வாசிச்சேம்மா, இல்லேங்கல."

"கூடவா? உன் கிடார் ஸ்பீக்கருக்கே போகல! அவரையே கேளு!"

மிக்ஸர்காரர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இப்பத்தான் தேறி வந்திருக்காரு. விடும்மா."

"எதுக்கு விடணும்? அப்ப குடிக்கிறார்னு தாங்கினோம், இப்ப குடிக்கலேன்னு தாங்கணுமா? என் கைக்கு ஒரு மரியாதை கிடையாதா? ஒவ்வொருத்தர் கிடாரையும் தனித்தனியாத்தானே பதிவு பண்ணீங்க? போடுங்க இவரோடதை!"

அவர் அசையவில்லை. "போடுங்க," என்று அண்ணன்தான் சொன்னான். சிரிப்பு போயிருந்தது.

மிக்ஸர்காரர் கணினியில் துழாவி எடுத்து, மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு அவன் கிடாரை மட்டும் திறந்துவிட்டார். சுருதி விலகிய தந்தி. தப்பான இடத்தில் ஓர் இழுப்பு. பிறகு வெறும் இரைச்சல். நடுவில் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. மறுபடி தொடங்கியபோது அவன் வேறு ஏதோ பாட்டை வாசித்துக்கொண்டிருந்தான்.

தங்கைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தாள்.

"அன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டான் அண்ணன்.

"அதுக்கப்புறம் முக்கால்வாசி கச்சேரி அப்படித்தான்," என்றார் மிக்ஸர்காரர், தரையைப் பார்த்தபடி.

அண்ணன் எழுந்துவிட்டான். "அந்த வாசிப்பு திரும்ப வரும்னுதானே குடிச்சுக்கிட்டே இருந்தேன்! குடிச்சாத்தான் அது வரும்னு நம்பினேனே! ஈரல் போச்சு, பொண்டாட்டி போனா. இவ்வளவும் நீ வாசிச்சதைத் தேடியா?"

"அம்மா உன் காலைப் பிடிச்சு அழுதாங்களே, நிறுத்தினியா? நாங்க சொன்னா மட்டும் கிழிச்சிருப்பியா?"

"அம்மாவுக்கு நான் பயப்படல. இதுக்குப் பயந்திருப்பேன்." ஸ்பீக்கரைக் காட்டினான். "ஒரே ஒரு நாள் இதை வெளிய விட்டிருக்கலாமே. ஏன் விடல?"

"விட்டிருந்தா அப்புறம் எவன் நம்மளைக் கூப்பிடுவான்?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பதில் என்று அவளுக்கே உறைத்தது. மிக்ஸர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "நீதான் வாசிச்சேன்னு எழுதறேன். எனக்கு ஏன் தெரியாமப் போச்சுன்னும் எழுதுவேன். முதல் பாதி மட்டும் போதும்னா, என்னால முடியாது."

"உனக்கென்னண்ணா, திருந்தினவன்னு கை தட்டுவாங்க. என்னைக் காறித் துப்புவாங்க."

"துப்புவாங்க," என்றான் அண்ணன்.

அவள் அவனை முறைத்தாள். அந்தக் கோபத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க இப்போது அவளுக்குத் தெம்பில்லை.

"அதைப் பாட்டில் வாசிச்சுதுன்னு இருக்கக் கூடாது," என்றாள். "எழுது. ரெண்டையும் எழுது."