சிங்காரவேல் கழுவிய குழாய்

2014 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த சிங்காரவேலுக்குப் பின்னால் ஆறடி இரும்புக் குழாய் ஒன்று தானாகவே உருண்டு, இரண்டு ரவுண்டானாக்களிலும் சரியாகத் திரும்பி, டவுன்ஷிப்பின் இருபத்தொன்றாம் பிளாக்கில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பழகிய இரும்பு வரத்தான் செய்யும் என்று தெருவில் வழிவிட்டார்கள். அவன் மனைவி அமிர்தம் மட்டும் அன்று உலை வைக்கவில்லை.

சிங்காரவேலுக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் கழுவும் வேலை. எங்கோ மூடிப்போன ஆலையிலிருந்து கதிரியக்கப் படிவு ஏறிய குழாய்கள் லாரியில் வரும். அமிலத் தொட்டியில் ஊறவைத்துப் படிவைக் கரைத்து, அலசி, துணியால் ஒற்றி வைப்பான். பரிசோதகர் பிரபாவதி கதிர்வீச்சு மீட்டர் வைத்துப் பார்ப்பாள். இந்தக் குழாய் ஒன்பது முறை தொட்டியில் இறங்கியும் அடங்கவில்லை. பத்தாம் முறை அவன் காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோல் அதனிடம் பேசிக்கொண்டே துடைத்தான். மீட்டரின் முள் படுத்துவிட்டது.

பிரபாவதி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது அமிர்தத்துக்கு வயிறு எரிந்தது. அந்த வேலையில் சேர்ந்த இரண்டு வருடமாக அவன் அவளைத் தொடவில்லை. காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கச் சொல்லித்தான் எடுப்பான். ஏனென்று அவளும் கேட்டதில்லை.

குழாயை வடலூர் பழைய இரும்புக் கடையில் போட்டாள். அவள் பஸ் வருவதற்குள் அது வீட்டில் இருந்தது. சேத்தியாத்தோப்புக்குக் கொண்டுபோய் வெள்ளாற்றில் தள்ளினாள். மூன்றாம் நாள் சேறும் சகதியுமாக வந்து நின்றது. சிங்காரவேல் துணியும் வாளியுமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அதத் தொட்டுக்கினே கெடக்கறீங்களே, என்னத் தொட்டா கையி அழுகிப்பூடுமா?"

அவன் துணியைப் பிழிந்தான். "அதுல இருந்தத நான் கழுவிட்டேன். எங் கையில ஏதாவது ஒட்டிக்கினு இருந்தா உனக்குல்ல வந்துரும்."

தினமும் அவன் கையிலும் மீட்டர் வைத்துத்தான் வெளியே விடுவார்கள். முள் ஒருநாளும் அசைந்ததில்லை. குழாய் விஷயத்தில் மீட்டரை நம்பியவன் தன் கை விஷயத்தில் நம்பவில்லை. அமிர்தம் சீயக்காயைக் குழைத்து எடுத்துவந்து, அவன் இழுக்க இழுக்க விடாமல், இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். பிறகு அந்த ஈரக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

குழாய் உருண்டுபோய்ச் சுவரோரம் ஒதுங்கியது. அன்றிலிருந்து அமிர்தத்தைக் கண்டால் அது கொதிக்கும். பிரபாவதி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள், முள் அசையவில்லை. இது வேறு சூடு என்று சொல்லிவிட்டுப் போனாள். 2016இல் அவர்களுக்குப் பெண் பிறந்தது. கார்த்திகை அடைமழையில் அமிர்தம் குழந்தையின் துணிகளைக் குழாய்மேல் விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அரை மணியில் காய்ந்துவிடும். எதிர்வீட்டு விஜயகுமாரியும் தன் ஈரத்துணிகளைக் கொண்டுவந்து கொடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டுப் போவாள்.