கெட்ட செய்தியில் தொடங்கும் பாடம்

"அம்மா, உன்கிட்ட ஜப்பான் பாஷை படிக்கிறவங்க எல்லாம் அதை யார்கிட்டப் போய்ப் பேசுவாங்க?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. "ஆபீஸ்ல பேசுவாங்கடி" என்று டீச்சர் சமாளித்தார். "ஆபீஸ்ல என்ன பேசுவாங்க?" டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

பல வருடம் கழித்து மொழிப் பள்ளி தன் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தது. கம்பெனி ஊழியர்களுக்கான ஜப்பானியப் பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது என்று கற்றுத்தர வந்த பயிற்சியாளர், முதல் நாளே அதே கேள்வியைத்தான் கேட்டார். "உங்ககிட்ட படிக்கிறவங்க ஆபீஸ்ல என்ன பேசறாங்க? போய்ப் பார்த்துட்டு அப்புறம் பாடம் எழுதுங்க."

இருவர் இருவராகத் திட்டம் போட வேண்டும். சிறந்த திட்டம் எந்த ஜோடியுடையதோ, அதில் முக்கிய வேலை செய்த ஒருவருக்கு ஜப்பானுக்கு உதிரிபாகம் அனுப்பும் ஒரு கம்பெனியின் வகுப்பும், கூடவே நிரந்தர வேலையும். மணிக்கணக்கில் கூலி வாங்கி அலுத்துப்போன டீச்சருக்கு அது கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஜோடியாக வந்தவர் மைக்கம்மா. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரலுக்கு வந்த பெயர்.

டீச்சர் அந்தக் கம்பெனிக்குப் போய், சரக்கு அனுப்பும் பிரிவில் ஒரு குமாஸ்தா பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தார். பள்ளியின் பழைய புத்தகத்தில் முதல் பாடத்திலேயே வருவதுபோல அந்த மனிதர் யாருக்கும் குனிந்து வணங்கவில்லை, விசிட்டிங் கார்டு நீட்டவில்லை. சரக்கு தாமதம் என்று ஜப்பானுக்குப் போனில் சொல்வதுதான் அவர் வேலை.

"சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது மேடம். அதனால சாயந்தரம் வரைக்கும் தள்ளிப் போட்டுடுவேன்."

தாமதத்தைவிட அதை மறைத்ததுதான் ஜப்பான் பக்கம் கோபத்தைக் கிளப்பியது. டீச்சர் திட்டத்தைத் தலைகீழாக்கினார். முதல் பாடமே கெட்ட செய்தி. ஆளுக்கொரு சிக்கலை எழுதிய அட்டை. ஒருவர் சொல்ல, மற்றவர் மேலாளராகக் கேட்க வேண்டும்.

"வாசல்லயே வயித்துல குத்துறீங்களே டீச்சர்" என்று மைக்கம்மா சிரித்தார்.

திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் மகளுக்குக் காய்ச்சல். டீச்சர் தாமதமாக வந்து கதவோரம் நின்றார். மேடையில் மைக்கம்மா "நாங்க யோசிச்சோம்" என்று ஆரம்பித்து, பாதியில் "நான் போய் உட்கார்ந்து பார்த்தேன்" என்பதற்கு வந்திருந்தார். கைதட்டல். வேலை அவருக்கு.

"மேடை ஏறினதும் வாய் அதுபாட்டுக்குப் போயிடுச்சு டீச்சர்."

"போன வாய் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாமே."

மைக்கம்மா வேலைக் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

புகார் கொடுத்திருக்கலாம். ஆனால் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மழைக்காலம் முழுக்க, டீச்சரின் மாலை வகுப்புகளை நடத்தியவர் இதே மைக்கம்மா. வருகைப் பதிவில் டீச்சர் பெயரையே எழுதி வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று டீச்சர் பெயரில் பாடம் நடத்தியவர், இன்று டீச்சரின் பாடத்தைத் தன் பெயரில் நடத்தப் போகிறார். அவர்மேல் எப்படிப் புகார் எழுதுவது?

வகுப்பு தொடங்கியது. அட்டைகள் டீச்சரிடமே இருந்ததால், மைக்கம்மா பழைய புத்தகத்துக்கே திரும்பிவிட்டார். ஒருநாள் பள்ளியின் தண்ணீர்க் குழாயடியில் குமாஸ்தா டீச்சரைப் பார்த்தார்.

"குனிஞ்சு குனிஞ்சு முதுகுதான் வலிக்குது மேடம். போன்ல முதுகு எங்க தெரியுது? இப்படியே போனா வகுப்பை நிறுத்திடுவோம்னு மேனேஜர் சொல்லிட்டார்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வீடு போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு இனித்தது. பிரார்த்தனைக்குக் கைகூப்பியபோதுதான் கசந்தது. அடுத்தவர் விழுவதைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கண்ணை மூடுவது? அந்தக் குமாஸ்தா என்ன பாவம் செய்தார்?

மறுநாள் காலை, பெருக்குகிறவர்கூட வருவதற்கு முன் ஆசிரியர் அறையைத் திறந்தார். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் தன் பெயரை எழுதியிருந்தார். கத்தரிக்கோல் எடுத்து அந்த மூலைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினார். மனம் ஒப்பவில்லை என்பதும் உண்மை. அட்டைக் கட்டை மைக்கம்மாவின் மேஜை டிராயரில் வைத்து மூடினார்.

வெட்டிய துண்டுகளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, தன் மணிக்கூலி வகுப்புக்குப் போய்க் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.