ஆறு மாடி இறங்கும் நேரம்

என் தம்பியைச் சாகவிட்ட டாக்டரிடம்தான் நான் மனசைச் சரிசெய்துகொள்ளப் போனேன். அப்படித்தான் அப்போது நம்பினேன். பெயரில் பாதியை மட்டும் மாற்றிச் சொன்னேன். எல்சா என்பது நிஜம். பின்னால் ஒட்டிய குடும்பப் பெயர் என் சலூனுக்கு வரும் ஒருத்தியிடம் இரவல் வாங்கியது.

புவெனஸ் அய்ரஸில் மனநல டாக்டரின் நம்பரைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. நல்ல இறைச்சிக் கடையைச் சொல்வதுபோல ஆளாளுக்குத் தங்கள் டாக்டரைச் சிபாரிசு செய்வார்கள். தன் டாக்டர் சில்வினா லெர்னரின் நம்பரைத் தம்பி ஒராசியோவே முன்பு எனக்குக் கொடுத்திருந்தான்.

"நீயும் போக்கா. உனக்கு வாய் மட்டும்தான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு உனக்கே தெரியாது" என்றான்.

"உன் தலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டா, பொடுகு" என்று சீப்பால் ஒன்று வைத்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அவன் டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே என் சலூனுக்கு வருவான். எங்கள் ஊர்க் கசப்பு டீயான மாத்தே போட்டுக் கொடுப்பேன். ஒரே உறிஞ்சியை மாற்றி மாற்றி வைத்துக் குடித்தபடி, "இன்னிக்கு என்னடா பேசின?" என்று கேட்பேன்.

"உள்ள உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குதுக்கா. அவங்க என்னைப் பாக்கறாங்க, நான் சுவத்தப் பாக்கறேன். லிஃப்ட்டுல கீழ இறங்கறப்போதான் எல்லாம் வாய்க்கு வருது. நான் பணம் குடுக்கறதே அந்த ஆறு மாடிக்குத்தான்."

அந்தக் கட்டடத்து வாசல் கதவு உள்ளேயிருந்தும் பூட்டித்தான் இருக்கும். வந்தவர் வெளியே போக வேண்டுமென்றால் டாக்டரே கூட இறங்கி வந்து சாவி போட்டுத் திறந்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் பேச்சு முடிந்தபின் இரண்டு பேரும் அந்தக் கூண்டு லிஃப்ட்டில் மூச்சு மோதும் நெருக்கத்தில் நிற்பார்கள்.

பிப்ரவரியில், எங்கள் பக்கத்துக் கோடையில் ஊரே வெந்து கிடந்த ஒரு செவ்வாயன்று, அவன் சலூனுக்கு வரவில்லை. மாத்தே ஆறிப்போனது. மறுநாள் தண்டவாளத்தில் கிடந்த உடலை அடையாளம் காட்ட ரயில்வே போலீஸ் கூப்பிட்டார்கள்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் அவன் கைக்கடிகாரத்தையும் சட்டைப் பையிலிருந்த ஒரு சாவியையும் கொடுத்தார்கள். சாவியின் தலையில் கத்தரிப்பூ நிற நகப்பூச்சு ஒரு பொட்டு. அவன் வீட்டுக் கதவில் போட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. அவனை விட்டுப் போனவளின் வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். என்னைப் பைத்தியம் என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாவி எந்தப் பூட்டுக்கு என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்று அந்த லிஃப்ட்டில் அவன் கடைசியாக என்ன சொன்னான்? ஏதாவது சொல்லியிருப்பான். அதைக் கேட்டும் கதவைத் திறந்து தெருவில் விட்டிருக்கிறாள் இந்தப் பெண்பிள்ளை. போனில் கேட்டால் நோயாளி ரகசியம் என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே குளிர் தொடங்கியதும் நானே நோயாளியாகப் போனேன்.

அல்மாக்ரோ பேட்டையில் ஒரு பழைய கட்டடம், ஆறாவது மாடி. ஒரே ஃபிளாட்டை மூன்று டாக்டர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று காத்திருக்கும் அறையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவன் கோதுமை விலையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சில்வினாவுக்கு அறுபது வயதிருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். பார்த்ததும் வெறுத்துவிட வேண்டும் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் தலைமுடியை யாரோ கண்டபடி வெட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. எனக்கே எரிச்சலாக இருந்தது.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"தூக்கம் வரல."

"எப்போலேருந்து?"

"கோடையிலேருந்து."

பிறகு வாய்க்கு வந்ததை அளந்தேன். இல்லாத புருஷனைத் திட்டினேன். மனிதர்களைப் பேசவைப்பது என் தொழில். தலையில் தண்ணீர் ஊற்றினால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். இவளோ எதுவும் கேட்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பொய்யின் நடுவில் இருந்தபோது, "இங்க நிறுத்திக்கலாம்" என்று எழுந்துவிட்டாள். முடிக்குச் சாயம் ஏறுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

லிஃப்ட்டில் இறங்கினோம். ஒவ்வொரு மாடியாகக் கம்பிகளுக்கு வெளியே மேலே போய்க்கொண்டிருந்தது. தம்பி இந்த இடத்தில்தான் நின்றிருப்பான். இந்தப் பித்தளைப் பிடியைப் பிடித்திருப்பான். அவன் சொன்னது சரிதான், இங்கேதான் எல்லாம் வாய்க்கு வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அதே கதை. பொய், நிறுத்தல், லிஃப்ட், தெரு.

மூன்றாம் முறை அவள் கதவைத் திறக்கப் பூட்டில் சாவியை வைத்தபோது வெயில் அதன்மேல் விழுந்தது. சாவியின் தலையில் கத்தரிப்பூ நிறப் பொட்டு.

என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. "நகருங்க" என்றேன். அவள் சாவியை உருவிவிட்டு என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பியது. கதவு திறந்தது. தெருவில் பஸ் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் வெளியே போகவில்லை.

"என் தம்பி சட்டைப் பையில இருந்துச்சு" என்றேன்.

"தெரியும் எல்சா."

"என்ன தெரியும்?"

"நீங்க யாருன்னு. முதல் நாளே தெரிஞ்சுது. உங்க விரல்ல இருக்கற சாயக்கறை. அக்காவோட விரலப் பத்தி அவரு சொல்லாத வாரமே இல்ல."

அறைந்திருப்பேன். விரல்களைத்தான் மடக்கிக்கொண்டேன். "தெரிஞ்சுக்கிட்டே என் பொய்யெல்லாம் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்களா?"

"நான் உங்கள வேற டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். அதுதான் முறை. நீங்களா கேக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். எனக்கும் தைரியம் இல்ல."

"இப்போ கேக்கறேன். அன்னிக்கு லிஃப்ட்டுல என்ன சொன்னான்?"

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு லிஃப்ட் ஓடல. கரண்ட் இல்ல."

அந்த வாரம் பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை என்பது எனக்கு நினைவு வந்தது. எங்கள் பேட்டையில் என் தெருவில் மட்டும் இருந்ததால் சலூனில் கூட்டம் அலைமோதியது.

"அவசரத்துக்குன்னு மாத்துச்சாவி வெச்சிருந்தோம், மூணு டாக்டருக்கும் ஒவ்வொரு நிறம். ஒராசியோதான் சொன்னாரு, 'உங்க முட்டி தாங்காது டாக்டர். சாவியக் குடுங்க, தொறந்துட்டுத் தபால் பெட்டியில போட்டுடறேன்'னு. குடுத்தேன். நான் கூட இறங்காதது அந்த ஒரு நாள்தான்."

"அவ்வளவுதானா? ஒண்ணுமே சொல்லலையா?"

"படிக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். இருட்டு. ஷூ சத்தம் மட்டும் கேட்டுச்சு. மூணாவது மாடிகிட்ட அது நின்னுபோச்சு." படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நேரம் நின்னுச்சு. எனக்கு ஏதோ தோணிச்சு. கூப்பிடணும்னு வாயத் தொறந்தேன்."

"கூப்பிடல."

"கூப்பிடல. 'நிறுத்திக்கலாம்'னு சொல்லிட்டா அப்புறம் நாங்க பேசமாட்டோம். மீதிய அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி யோசிக்கணும். அப்படித்தான் எங்களுக்குப் பாடம், முப்பது வருஷமா அப்படித்தான் செஞ்சேன். லிஃப்ட்டுல அவரு பேசினப்போகூட நான் கேட்டேனே தவிர பதில் சொன்னதில்ல. கொஞ்ச நேரத்துல மறுபடியும் இறங்கற சத்தம் கேட்டுச்சு. சரி, ஒண்ணும் இல்லன்னு உள்ள போயிட்டேன்."

இத்தனை மாதம் நான் தேடிய கடைசி வார்த்தை என்று ஒன்று இல்லவே இல்லை. முட்டிக்குப் பரிதாபப்பட்டு ஒரு வார்த்தை, அப்புறம் ஷூ சத்தம். மற்றதை எல்லாம் அவன் அந்த மூன்றாவது மாடியில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், கேட்க ஆள் இல்லாமல். எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

"மேல போங்க" என்றேன்.

"எல்சா..."

"உங்க வாசலுக்குப் போயி நில்லுங்க. நான் மூணாவது மாடியில நிக்கறேன். அங்கேருந்து அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அவனுக்குக் கேட்டிருக்குமான்னு எனக்குத் தெரியணும்."

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் லிஃப்ட்டில் ஏறிக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். நான் படியில் ஏறினேன். மூன்றாவது மாடியில் யாரோ மடக்கிவைத்த குழந்தை வண்டி, ஒரு தீயணைப்பு உருளை, தேய்ந்துபோன கால்மிதி. சாவதா வேண்டாமா என்று ஒருவன் யோசிக்கிற இடம் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது. கீழே போகும் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். அவனும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

மேலே லிஃப்ட் நின்ற சத்தம்.

"ஒராசியோ."

சாதாரணக் குரல்தான். கத்தவில்லை. பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் கேட்டது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கேட்டிருக்காது என்று ஒரு சமாதானம் கிடைத்துவிடுமோ என்று எனக்கே தெரியாமல் ஆசைப்பட்டிருக்கிறேன். அதுவும் போயிற்று.

"ஒராசியோ, மேல வாங்க. இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம்." இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. கீழே இறங்கி என் சாவியால் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவது, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்பதுதான் என் முடிவு. மூன்றாம் முறை அவள் கூப்பிட்டாள்.

அன்று இப்படிக் கூப்பிட்டிருந்தால் அவன் வந்திருப்பான். எனக்குத் தெரியும். கீழ்ப்படியில் வைத்திருந்த காலை எடுத்து நான் மேலே ஏறத் தொடங்கியிருந்தேன்.